காற்றுக்குக் காத்திருந்த மரக்கலங்கள்

கல்முனை, சாய்ந்தமருது, நிந்தவூர், ஒலுவில், அக்கரைப்பற்று ஆகிய ஊர்களின் கடற்கரையிலே வாழ்வோர் காற்றைப் பெயர் சொல்லி அழைப்பர். வடக்கிலும் வடகிழக்கிலுமிருந்து மழையைக் கொணர்வது வாடை. மேற்கே மலைநாட்டைக் கடந்து வந்து வயல்வெளியை உலர்த்துவது கச்சான். தெற்கேயிருந்து வீசுவது சோளகம். கிழக்கேயிருந்து வருவது கொண்டல். கார்த்திகை, மார்கழி மாதங்களில் வாடை பலமாக வீசும்பொழுது கடல் பொங்கும். தோணிகள் மேட்டுக்கு ஏற்றப்படும். கரைவலைகள் ஓய்ந்து கிடக்கும். கச்சான் காலத்திலோ காற்று நிலத்திலிருந்து கடலை நோக்கி வீசுவதால் கரையோர நீர் அடங்கியிருக்கும். வைகறையிலேயே வலை இழுப்போரின் குரல் கேட்கத் தொடங்கும்.

இது கிழக்கிலங்கை மீனவரின் அரிச்சுவடி. ஆனால், ஒரு காலத்தில் இதே அரிச்சுவடியைத்தான் இந்து சமுத்திரத்தின் வாணிபம் முழுவதும் கற்றிருந்தது. ஏடனிலிருந்து சீனம் வரை சென்ற பெருமரக்கலங்களும், கல்முனைக் கரையின் சிறு தோணியைப் போலவே, காற்றின் அனுமதியைப் பெற்றே புறப்பட்டன.

இன்று உல்லாசப் பயணிகளை ஏற்றிக்கொண்டு தீவு தீவாகச் சுற்றிவரும் கப்பல்கள், எந்த நாளில் எந்தத் துறையை அடையும் என்பதைப் பல மாதங்களுக்கு முன்னரே அச்சிட்டு வெளியிடுகின்றன. பாய்மரங்களின் காலத்தில் அவ்வாறு வாக்களிக்கக்கூடிய கப்பல் தலைவன் ஒருவனும் இருந்ததில்லை. ‘எப்பொழுது புறப்படுவோம்?’ என்று பயணி கேட்டால், ‘காற்று வரும்பொழுது’ என்பதே அவன் கூறக்கூடிய விடை. ‘எப்பொழுது போய்ச் சேருவோம்?’ என்று கேட்டாலோ, அவன் வானத்தை நோக்கி மௌனமாக இருப்பான்.

அக்காலத்துக் கடற்பயணம் எத்தகையது என்பதை அறிவதற்கு இப்னு பதூதாவின் வரலாற்றைக் காட்டிலும் சிறந்த வழிகாட்டி கிடைப்பது அரிது. 1304ஆம் ஆண்டில் மொரோக்கோ நாட்டின் தான்ஜியர் நகரிலே பிறந்த இவர், 1325இல், தமது இருபத்தோராவது வயதில், ஹஜ் யாத்திரைக்கெனத் தனியே புறப்பட்டார். யாத்திரை நிறைவேறிய பின்னும் கால்கள் ஓயவில்லை. அரபு நாடுகள், ஆபிரிக்காவின் கிழக்குக் கரை, மத்திய ஆசியா ஆகியவற்றைக் கண்டு, தில்லிக்கு வந்து, சுல்தான் முகம்மது பின் துக்ளக்கின் அரசிலே காழியாகப் பணியாற்றினார். பின்னர் அச்சுல்தானின் தூதராகச் சீனத்துக்கு அனுப்பப்பட்டார். அந்தத் தூதுப் பயணமே அவரை மலையாளக் கரை, மாலைதீவு, இலங்கை, தமிழகம், வங்காளம், சுமாத்திரா எனக் கடல்வழியே அலைய வைத்தது. நாடு திரும்பிய பின்னர், 1355இல், மொரோக்கோ மன்னரின் ஆணைப்படி அவர் தம் அனுபவங்களைச் சொல்ல, இப்னு ஜுஸைய் என்னும் எழுத்தாளர் அவற்றை நூலாக்கினார். பல்லாண்டுகளுக்குப் பின் நினைவிலிருந்து சொல்லப்பட்டமையால் அந்நூலின் நாட்கணக்குகள் சில இடங்களில் முரண்படும். சீனத்தைப் பற்றிய பகுதியை ஐயத்தோடு நோக்கும் ஆராய்ச்சியாளரும் உளர். எனினும், கடலையும் கப்பலையும் துறைமுகங்களையும் பற்றி அவர் கூறுவன பெரிதும் நம்பத்தக்கவை.

அவருடைய பயணத்தை விளங்கிக்கொள்வதற்கு முதலில் காற்றை விளங்கிக்கொள்ளுதல் வேண்டும். கோடை காலத்தில் ஆசியப் பெருநிலம் கடலைவிட விரைவாகச் சூடேறுகிறது. சூடேறிய காற்று மேலெழ, அவ்விடத்தை நிரப்புவதற்குக் கடலிலிருந்து ஈரக்காற்று நிலத்தை நோக்கி விரைகிறது. இதுவே வைகாசி முதல் புரட்டாதி வரை வீசும் தென்மேற்குப் பருவக்காற்று. மாரி காலத்திலோ நிலம் விரைவாகக் குளிர்ந்துவிடுகிறது. காற்று திசை மாறி, நிலத்திலிருந்து கடலை நோக்கி வடகிழக்காக வீசுகிறது. ஆண்டுக்கு இரு முறை திசை மாறும் இக்காற்றை நம்பியே அரேபியரும் குசராத்தியரும் தமிழரும் மலாயரும் சீனரும் கடலோடினர். ஆங்கிலேயர் இக்காற்றுக்கு வழங்கும் ‘மான்சூன்’ என்னும் சொல், ‘மவ்சிம்’ என்னும் அரபுச் சொல்லின் திரிபாகும். பருவம் என்பதே அதன் பொருள்.

ஒரே காற்று இலங்கையின் இரு கரைகளிலும் இரு வேறு முகங்களைக் காட்டுவதும் கவனிக்கத்தக்கது. தென்மேற்குக் காற்று கொழும்பிலும் காலியிலும் மழையைக் கொட்டி, மலைச்சரிவுகளிலே தன் ஈரத்தை இழந்து, கல்முனையை அடையும்பொழுது வறண்ட கச்சானாகிவிடுகிறது. மேற்குக் கரையில் கடல் கொந்தளிக்கும் அதே நாட்களில் கிழக்குக் கரையில் கடல் அமைதியாக இருப்பதற்கு இதுவே காரணம். ஐப்பசியில் காற்று மாறத் தொடங்க, கிழக்கிலே கடல் மூடப்பட்டு வயல் திறக்கப்படுகிறது. சம்மாந்துறையின் வயல்களிலே விதைப்பு நடைபெறுவது வாடை கொணரும் மழையை நம்பியே. எனவே, இப்பகுதியின் உழவரும் மீனவரும் இரு வேறு தொழில் செய்பவராயினும் ஒரே பஞ்சாங்கத்தைப் படிப்பவர்கள்.

இனி, பயணத்துக்கு வருவோம். கள்ளிக்கோட்டையை அடைந்த இப்னு பதூதா, அத்துறையிலே பதின்மூன்று சீனக் கப்பல்கள் நங்கூரமிட்டு நிற்கக் கண்டார். அவற்றுட் பெரியது ஒன்றிலே ஆயிரம் பேர் பணிபுரிவர் என்றும், மூங்கிற் கீற்றுகளாலான பாய்கள் மூன்று முதல் பன்னிரண்டு வரை இருக்குமென்றும் அவர் கூறுகிறார். நால்வகை அடுக்குகளும், வணிகர் குடும்பத்தோடு தங்குவதற்குத் தனி அறைகளும் அக்கப்பல்களில் இருந்தன. இவ்வளவு பெரிய கப்பல்களும் காற்று மாறும் வரை கட்டுண்டே கிடந்தன. தூதுக் குழுவினர் ஏறத்தாழ மூன்று மாதங்கள் அங்குக் காத்திருக்க நேர்ந்தது.

புறப்படும் காலம் வந்தது. தில்லிச் சுல்தான் சீன மன்னருக்கு அனுப்பிய பரிசுப்பொருள்கள் பெரிய கப்பலில் ஏற்றப்பட்டன. இப்னு பதூதாவின் உடைமைகள் வேறொரு சிறு கப்பலில் வைக்கப்பட்டன. வெள்ளிக்கிழமைத் தொழுகையை நிறைவேற்றிவிட்டு ஏறலாம் என அவர் கரையிலே தங்கினார். அன்றிரவு கடல் சீறியெழுந்தது. பெரிய கப்பல் கரையிலே மோதிச் சிதறியது, அதிலிருந்தோர் மாண்டனர். அதைக் கண்டு அஞ்சிய சிறு கப்பலின் மாலுமிகள் பாயை விரித்து ஓடிவிட்டனர். பேரரசரின் தூதராக வந்தவர், பத்துத் தீனார்ப் பணமும் படுத்திருந்த விரிப்பு ஒன்றுமே சொத்தாகக் கரையிலே நின்றார். கடலிலே ஓர் இரவு, தூதரை ஏழையாக்கிவிட்டது.

தில்லிக்குத் திரும்பினால் சுல்தானின் சினத்துக்கு ஆளாக நேரும் என்று அவர் அஞ்சினார். சில காலம் மேற்குக் கரையில் அலைந்து, பின்னர் மாலைதீவை நோக்கிப் புறப்பட்டார். 1343, 1344ஆம் ஆண்டுகளில் அவர் அங்கு வாழ்ந்தார். அந்நாட்களில் கதீஜா என்னும் அரசி அத்தீவுகளை ஆண்டுவந்தார். கற்றறிந்தவர் என்பதை உணர்ந்த அத்தீவு மக்கள் இப்னு பதூதாவைக் காழியாக்கினர்.

மாலைதீவின் செல்வம் இரண்டு எளிய பொருள்களில் அடங்கியிருந்தது. ஒன்று சோழி, மற்றொன்று தென்னங்கயிறு. கடலிலிருந்து எடுக்கப்பட்ட சோழி வங்காளத்துக்குச் சென்று பணமாக வழங்கியது. அதற்கு ஈடாக அரிசி தீவுக்கு வந்தது. பல்லாண்டுகளுக்குப் பின்னர், ஆபிரிக்காவின் உட்பகுதியிலுள்ள மாலி நாட்டுக்குச் சென்றபொழுது, அங்கும் சோழி நாணயமாக வழங்குவதை இப்னு பதூதா கண்டார். தென்னங்கயிறோ கப்பல் கட்டுவதற்குப் பயன்பட்டது. அக்காலத்தில் இக்கடலில் ஓடிய கப்பல்கள் பலவற்றின் பலகைகள் ஆணியால் அறையப்படாமல் கயிற்றால் தைக்கப்பட்டவை. இரும்பாணி அறைந்த கப்பல் பாறையில் மோதினால் உடைந்துவிடும். கயிற்றால் தைத்த கப்பலோ வளைந்து கொடுத்துத் தப்பும் என்று அவர் விளக்குகிறார். தேங்காய் மட்டையை நீரிலே ஊறவைத்து, அடித்து, நாரெடுத்துத் திரிக்கும் தொழிலை அறிந்த கிழக்கிலங்கை மக்களுக்கு அக்கயிற்றின் வலிமையை எடுத்துச் சொல்ல வேண்டுவதில்லை.

அமைச்சர்களோடு ஏற்பட்ட பிணக்கினால் இப்னு பதூதா 1344 ஆகஸ்ட் மாதத்தில் மாலைதீவை விட்டுப் புறப்பட்டார். மஃபர் என அரேபியர் வழங்கிய தமிழ்நாட்டுக் கரையே அவர் நாடிய இடம். மூன்று நாட்களில் அடையக்கூடிய தூரம் அது. ஆனால், கப்பலிலே வழியறிந்த மாலுமி இல்லை. ஒன்பது நாட்கள் கடலிலே கழிந்தன. ஒன்பதாம் நாள், புகைத்தூண் போன்று வானளாவி நின்ற மலையொன்று தென்பட்டது. அது சரந்தீவின் மலை; தமிழர் சிவனொளிபாதமலை என்றும், இலங்கை முஸ்லிம்கள் பாவாதமலை என்றும் போற்றுவது. கப்பல் தமிழகத்தைத் தேடி இலங்கையைக் கண்டிருந்தது.

இவ்வாறு நேர்ந்ததன் காரணத்தை ஊகித்தறிவது கடினமன்று. ஆகஸ்ட் மாதத்தில் தென்மேற்குக் காற்று இன்னும் ஓய்வதில்லை. அக்காற்றின் உந்துதலால் இந்தியாவின் தென்முனைக்கும் இலங்கைக்கும் தெற்கே கடல்நீரோட்டம் கிழக்கு நோக்கிப் பாய்கிறது. காற்றும் நீரோட்டமும் ஒரே பக்கம் தள்ளும்பொழுது, வழியறிந்தவன் அதற்கேற்பக் கப்பலின் முகத்தை வடக்கே திருப்பி வைத்திருப்பான். அறியாதவன் நேரே போவதாக நினைத்துக்கொண்டே கிழக்கே சென்றுவிடுவான்.

வழியறிதல் என்பது அக்காலத்தில் ஒரு பெருங்கல்வி. வானத்திலே துருவ நட்சத்திரம் எவ்வளவு உயரத்தில் நிற்கிறது என்பதைக் கொண்டு, கப்பல் எவ்வளவு வடக்கே இருக்கிறது என்பதை மாலுமிகள் கணித்தனர். கல்முனைக் கரையில் நின்று பார்ப்போருக்கு அந்நட்சத்திரம் வடக்கு அடிவானத்துக்கு மேலே ஏழு பாகை அளவிலேயே தோன்றும். மாலைதீவின் தலைநகரான மாலேயில் நான்கு பாகை அளவிலேயே நிற்கும். அரபு மாலுமிகள் கையை நீட்டி, விரல்களின் அகலத்தால் அவ்வுயரத்தை அளந்தனர். பின்னர் முடிச்சிட்ட கயிறு கோத்த சிறு மரப்பலகையை அதற்குப் பயன்படுத்தினர். கயிற்றின் முடிச்சைப் பல்லிலே கடித்து, பலகையின் கீழ்விளிம்பை அடிவானத்திலும் மேல்விளிம்பை நட்சத்திரத்திலும் பொருத்தினால், எந்தத் துறையின் நேருக்கு வந்துள்ளோம் என்பது தெரிந்துவிடும். இவற்றோடு நீரின் நிறம், கடற்பறவை, மீன்கூட்டம், ஆழத்து மண் ஆகியவற்றையும் அவர்கள் படித்தனர். தமிழில் வழங்கும் ‘மாலுமி’ என்னும் சொல்லே ‘முஅல்லிம்’ என்னும் அரபுச் சொல்லிலிருந்து வந்ததென்பர். அதற்கு ஆசிரியர் என்பது பொருள். கப்பலை நடத்துபவனை ஆசான் என்று அழைத்த மக்கள், கடலிலே அறிவுக்குக் கொடுத்த மதிப்பு அதனால் விளங்கும்.

கப்பல் வந்தடைந்த துறை, புத்தளம். அங்கு இறங்குவதற்குக் கப்பலில் இருந்தோர் அஞ்சினர். அத்துறையின் மன்னனாகிய ஆரியச் சக்கரவர்த்தி கடற்கொள்ளை நடத்துபவன் என்பது அவர்கள் கேள்விப்பட்டிருந்த செய்தி. இப்னு பதூதாவோ தாம் முதலில் இறங்கி, மன்னனிடம் அபயம் பெற்று வருவதாகக் கூறிச் சென்றார். மரவேலியால் சூழப்பட்ட அந்நகரின் கரையெங்கும் கறுவாப்பட்டை குவிந்து கிடந்ததை அவர் கண்டார். பாரசீக மொழி அறிந்திருந்த மன்னன் அவரை மரியாதையோடு வரவேற்று, மூன்று நாட்கள் விருந்தளித்து, முத்துகளைக் காட்டி, வேண்டியதைக் கேட்குமாறு சொன்னான். பாவாதமலையைத் தரிசிக்க வேண்டும் என்பது ஒன்றே அவர் கேட்ட வரம். மன்னன் பல்லக்கும், சுமையாட்களும், மலைக்குச் சென்று பழகிய யோகியர் நால்வரும், பிராமணர் மூவரும், மற்றும் பலரும் துணைவர அவரை அனுப்பிவைத்தான். முஸ்லிம் யாத்திரிகர் ஒருவர், சைவ மன்னனின் செலவிலே, யோகியரும் பிராமணரும் வழிகாட்ட, பௌத்தரும் வணங்கும் மலைக்கு ஏறிய நிகழ்ச்சி அது. திரும்பும் வழியில் தெவிநுவரை, காலி, கொழும்பு ஆகிய துறைகளைக் கண்டு, மீண்டும் புத்தளத்தை அடைந்தார். கிழக்குக் கரைக்கு அவர் வரவில்லை.

புத்தளத்திலிருந்து மஃபருக்குச் சென்ற கடைசிச் சிறு பயணமே உயிருக்கு உலைவைப்பதாயிற்று. காற்று மிகுந்தது, நீர் கப்பலுக்குள் புகும் நிலை வந்தது, இப்பொழுதும் திறமையான மாலுமி இல்லை. பாறைகளுக்கு அருகே சென்று தப்பிய கப்பல், ஆழங்குறைந்த நீரிலே தரைதட்டியது. பயணிகள் தம் பொருள்களைக் கடலில் எறிந்து, ஒருவரிடமொருவர் விடைபெற்றுக்கொண்டனர். பாய்மரம் வெட்டி வீழ்த்தப்பட்டது. மாலுமிகள் மரங்களைக் கட்டித் தெப்பமொன்று செய்தனர். கரையோ 10 கிலோமீற்றருக்கும் அப்பால் இருந்தது.

தெப்பத்திலே இறங்க முற்பட்ட இப்னு பதூதாவைப் பார்த்து, அவருடைய தோழர் இருவர், ‘எங்களை விட்டுவிட்டா செல்கிறீர்?’ என்று கேட்டனர். அவர் பின்வாங்கினார். தோழர் இருவரையும், தம்மோடு வந்த அடிமைப் பெண்கள் இருவருள் ஒருத்தியையும் தெப்பத்தில் ஏற்றினார். மற்றவள் தனக்கு நீந்தத் தெரியும் என்று சொல்லி, தெப்பத்தின் கயிற்றைப் பற்றிக்கொண்டு நீந்தினாள். அவர்கள் கரையேறினர். அவரோ கப்பலிலேயே தங்கினார். வேறு தெப்பங்கள் முடிவதற்குள் இருள் சூழ்ந்தது, நீர் ஏறிக்கொண்டேயிருந்தது. கப்பலின் பின்புறத்து உயர்ந்த மேடையிலே ஏறி, விடியும் வரை அமர்ந்திருந்தார்.

விடிந்ததும் கரையிலிருந்து படகொன்று வந்தது. அதிலே வந்தோர் அவருடைய சமயத்தைச் சேர்ந்தவரல்லர். யார், எவர் என்று அறியாமலே அவர்கள் அவரையும் எஞ்சியிருந்தோரையும் கரை சேர்த்தனர். அப்பொழுது மதுரையை ஆண்ட சுல்தான் கியாதுத்தீன், இப்னு பதூதாவுக்கு மனைவி வழியில் உறவினர். செய்தி அறிந்ததும் அவரிடமிருந்து ஆட்கள் வந்தனர். ஆயினும், சுல்தானின் ஆட்கள் வருவதற்கு முன்னரே, தமிழகத்துக் கரையோர மக்கள் தமது படகைச் செலுத்திவிட்டனர் என்பதை மறத்தல் ஆகாது.

துன்பம் அத்தோடு ஒழியவில்லை. மதுரை நாட்டிலே நோய்வாய்ப்பட்டு மீண்ட அவர், கொல்லத்துக்குச் சென்று, அங்கிருந்து வடக்கே கடல்வழியாகப் போகும்பொழுது, பன்னிரண்டு கப்பல்களில் வந்த கொள்ளையர் அவரைச் சூழ்ந்தனர். இலங்கை மன்னன் வழங்கிய முத்தும் மணியும் பறிபோயின. உடுத்த கீழாடை ஒன்றே எஞ்சியது. அந்தக் கோலத்தோடு கள்ளிக்கோட்டைப் பள்ளிவாசலுக்கு அவர் போய்ச் சேர்ந்தபொழுது, மார்க்க அறிஞர் ஒருவர் ஆடை அனுப்பினார். காழி தலைப்பாகை அனுப்பினார். வணிகர் ஒருவர் மற்றுமோர் ஆடை அனுப்பினார். கடல் பறித்துக்கொண்டதைத் துறைமுகம் திருப்பிக் கொடுத்தது.

அதன் பின்னரும் அவர் ஓயவில்லை. மாலைதீவுக்கு மீண்டும் சென்று, அங்கு விட்டுவந்த தம் இளம் மகனைக் கண்டு, சில நாட்களிலேயே புறப்பட்டார். நாற்பத்து மூன்று நாட் கடற்பயணத்தின் பின் வங்காளத்தை அடைந்தார். அங்கிருந்து சுமாத்திராவுக்குச் சென்று, பசை நாட்டு முஸ்லிம் மன்னரின் விருந்தினராகப் பதினைந்து நாட்கள் தங்கினார். ‘இது சீனத்துக்குப் போகும் பருவமன்று’ என்பதே அத்தங்கலுக்கும் காரணம். பின்னர் சீனத்தின் பெருந்துறைமுகமாகிய சைத்தூனை, அதாவது இன்றைய சுவான்சௌ நகரை அடைந்தார். திரும்பி வரும்பொழுது கப்பல் திசை தவறிப் பல வாரங்கள் அறியாக் கடலில் அலைந்தது. 1347இல் கள்ளிக்கோட்டையிலிருந்து இருபத்தெட்டு நாட்களில் தென் அரேபியக் கரையை அடைந்து, 1349இல் தாய்நாட்டை மிதித்தார்.

இப்பயணத்திலே பாய்விரித்து ஓடிய நாட்களைக் காட்டிலும், துறைகளிலே தங்கியிருந்த நாட்களே மிகுதி என்பது ஊன்றி நோக்குவோருக்குப் புலனாகும். வந்த காற்று நின்று, திரும்பும் காற்று எழும் வரை வணிகன் பல மாதங்கள் அயல்நாட்டுக் கரையிலே வாழ்ந்தாக வேண்டும். அவன் தங்குவதற்கு வீடு வேண்டும். தொழுவதற்குப் பள்ளி வேண்டும். வழக்குத் தீர்ப்பதற்குக் காழி வேண்டும். பொருளைக் காப்பதற்கு நம்பிக்கையானவர் வேண்டும். பலர் அங்கேயே மணம்புரிந்தனர். பிள்ளைகள் அந்நாட்டு மொழியைத் தாய்மொழியாகப் பேசினர். காயல்பட்டினம், கீழக்கரை, கள்ளிக்கோட்டை, கொழும்பு, பேருவளை முதலிய துறைகளிலே முஸ்லிம் சமுதாயங்கள் வேரூன்றியதில் இக்காத்திருப்புக்குப் பெரும் பங்குண்டு.

கிழக்குக் கரை முஸ்லிம்களின் வரலாறும் இதனோடு ஒரு கிளையால் இணைந்துள்ளது. இப்னு பதூதா கண்ட மேற்குக் கரைத் துறைகள் பிற்காலத்தில் போர்த்துக்கேயர் கைக்குச் சென்றன. 1626இல் அவர்கள் முஸ்லிம்களை வெளியேற்றியபொழுது, கண்டி மன்னன் செனரத் அவர்களுக்குப் புகலிடம் தந்து, ஏறத்தாழ 4,000 பேரை மட்டக்களப்புப் பகுதியிலே குடியேற்றினான் என வரலாற்றாசிரியர் குறிப்பிடுவர். இன்றைய கல்முனைக் கரை அக்காலத்தில் அப்பகுதியைச் சேர்ந்ததே. அம்பாறை மாவட்டம் 1961இலேயே தனியே பிரிக்கப்பட்டது. வாணிபத்தால் வாழ்ந்தோர் இங்கு வந்து ஏற்கெனவே இருந்தோரோடு கலந்து, வயலையும் கடலையும் பற்றிக்கொண்டனர். தாய்வழிக் குடிமுறையும், மணமகன் மனைவியின் வீட்டுக்குச் சென்று வாழும் வழக்கமும் இப்பகுதித் தமிழருக்கும் முஸ்லிம்களுக்கும் பொதுவாக உள்ளன. மலையாளக் கரையின் மாப்பிள்ளை முஸ்லிம்கள் பலரிடையேயும் இத்தகைய வழக்கம் காணப்படுகிறது. ஆண்கள் பருவத்துக்குப் பருவம் கடல்மேற் செல்ல, பெண்களே வீட்டின் நிலையான தூண்களாக இருந்த சமுதாயங்களில் அவ்வழக்கம் பொருந்தி வருவது இயல்பு. அதற்குக் கடல் ஒன்றே காரணம் என்று முடித்துவிடுதல் கூடாதெனினும், கடலை விட்டுவிட்டு அதனை விளங்கிக்கொள்ளவும் இயலாது.

1869இல் சூயெஸ் கால்வாய் திறக்கப்பட்டது. நீராவிக் கப்பல்கள் பெருகின. காற்றுக்கு எதிராகவும் கப்பல் ஓடியது. காத்திருந்த மாதங்கள் நாட்களாகச் சுருங்கின. ஆனால், காற்று தன் ஆட்சியை முற்றாக விட்டுவிடவில்லை. 1978 நவம்பர் மாதத்தில் கிழக்குக் கரையைத் தாக்கிய சூறாவளி வீடுகளையும் தென்னந்தோப்புகளையும் அழித்தது. 2013இல் ஒலுவிலிலே துறைமுகம் திறக்கப்பட்டபொழுது, அலையும் நீரோட்டமும் கரைவழியே கொண்டுசெல்லும் மணல் அதன் வாயிலிலே குவிந்தது. வடக்கே நிந்தவூர்ப் பக்கத்தில் கரை அரிக்கப்பட்டது. காற்றும் அலையும் மணலும் செய்துவரும் வேலையைக் கணக்கிலெடாமல் கடலிலே கல்லை அடுக்கினால், கடல் தன் கணக்கைத் தானே தீர்த்துக்கொள்ளும். காழியாயினும் தூதராயினும் பொறியியலாளராயினும், வழியறிந்த மாலுமியின் சொல்லைக் கேளாதவர் அடையும் பயன் ஒன்றே.

கடற்பயணத்தைக் காத்த செல்வங்கள் மூன்று எனலாம். ஒன்று, காற்றின் பருவத்தை அறிந்து காத்திருக்கும் பொறுமை. இரண்டாவது, வானத்தையும் நீரையும் படிக்கும் கல்வி. இவ்விரண்டும் தவறியபின்னும் எஞ்சி நிற்பது மூன்றாவது: கரையிலே இருப்பவனின் இரக்கம். இக்காலத்திலும், கல்முனையிலும் சாய்ந்தமருதிலும் இருந்து பல நாட் பயணமாக ஆழ்கடலுக்குச் செல்வோர், விசைப்பொறியும் திசைகாட்டும் கருவியும் கொண்டு செல்கின்றனர். பொறி பழுதுபட்டுவிட்டால் அவர்களும் காற்றின் கைப்பிள்ளைகளே. எதிரே வரும் படகு எந்த நாட்டினதாயினும் அதனையே நம்பி நிற்பர்.

இப்னு பதூதாவின் நூலிலே மன்னர்களின் பெயர்கள் உள்ளன; அமைச்சர்களின் பெயர்கள் உள்ளன; கப்பல் தலைவர்களின் பெயர்களும் உள்ளன. மூழ்கும் கப்பலின் மேடையிலே இரவு முழுவதும் அமர்ந்திருந்தவரை விடியற்காலையில் வந்து ஏற்றிச் சென்றோரின் பெயர் மட்டும் இல்லை. அவர்கள் வாராதிருந்தால் அந்த நூலே இருந்திராது.